பாதி ஊசி

அந்த வீட்டு ஃப்ரிட்ஜை நான் ஒரே ஒருமுறைதான் திறந்தேன். கதவில் முட்டை வைக்கும் குழிகளில் முட்டை இல்லை. குழிக்கு ஒன்றாகக் கழுத்து உடைத்த கண்ணாடி மருந்துக் குப்பிகள் நின்றன. உடைந்த வாய்களில் பஞ்சு அடைத்திருந்தது. ஒவ்வொன்றிலும் பாதி மருந்து இருந்தது. நடுத் தட்டில் முந்தின நாள் கெளுத்திக் குழம்பு, மூடி இல்லாமல். குழம்பின் எண்ணெய் தெறித்து ஒரு பஞ்சு சிவந்திருந்தது.

குப்பிகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். இந்தக் குப்பிகளின் மறுபாதி யார் யார் உடம்புக்குள் போயிருக்கும் என்று யோசித்தேன். சில என் அக்கா வீட்டுக்காரர் உடம்புக்குள் போயிருந்தன. அந்த நேரத்தில் மாமா, இரண்டு சிறுநீரகமும் நின்றுபோய், நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷினோடு இணைக்கப்பட்டுக் கிடந்தார். பிழைப்பாரா, பிழைத்தாலும் வாழ்நாள் முழுக்க அந்த மெஷினோடுதானா என்று டாக்டர்களால் அப்போது சொல்ல முடியவில்லை. போட்ட மருந்து எது என்று பார்த்து வரச் சொல்லி என்னை அனுப்பியிருந்தார்கள்.

"பால் பாக்கெட்டுக்குப் பின்னாடியும் ரெண்டு இருக்கும், பாரு தம்பி" என்று அடுப்படியிலிருந்து அந்த வீட்டு அம்மாவின் குரல் வந்தது. வஞ்சகமே இல்லாத குரல். அவர் எதையும் மறைக்கவில்லை. கடைசிவரை எதையும் மறைத்ததில்லை.

பாகூர் ஏரிப் பாசனத்தில் இருக்கும் அந்த ஊரில் எல்லோரும் அவரைச் சிஸ்டரம்மா என்றார்கள். அவர் நர்ஸ் அல்ல. கடலூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் படுக்கை விரிப்பு மாற்றவும் தொட்டி கழுவவும் சேர்ந்தவர். அதை இழுத்து மூடியபோது, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஊசி போடும் கையோடு ஊர் திரும்பினார். இதைப் பற்றி யாராவது கிண்டினால் கோபப்பட மாட்டார். "நான் எப்பப்பா சிஸ்டருன்னு சொன்னன்? நீங்களாத்தான கூப்பிடறீங்க" என்பார்.

ஐம்பதைத் தாண்டிய வயது. எந்நேரமும் அப்போதுதான் குளித்தவர் போல இருப்பார். எண்ணெய் வைத்து இழுத்து வாரிய தலை, ஒட்ட வெட்டிய நகம். நகைக்கடையில் கொடுத்த சிவப்பு ரெக்சின் பை ஒன்று எப்போதும் அக்குளில் இருக்கும். ஊசி போடும் முன் அந்த இடத்தை உள்ளங்கையால் சூடு வரத் தேய்ப்பார். தேய்த்துக்கொண்டே, "பயப்படாத கண்ணு, பாதிதான்" என்பார்.

அந்தச் சொல்தான் அவர். பாதிதான்.

எதுவும் வீணாவதை அவரால் பொறுக்க முடியாது. டீக்கடையில் யாராவது அரை டம்ளர் டீயை வைத்துவிட்டு எழுந்தால் அவர் முகம் வாடும். தன் வீட்டில் விருந்தாளி மீதம் வைத்த டீயை மறுபடி ஃபிளாஸ்க்கில் ஊற்றிவைப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்த பிறகு அதைப் பிழிந்து டப்பாவுக்குள் போடுவார். சிரிஞ்சை வெந்நீரில் அலசிக் கவிழ்த்துவைப்பார். "நீடில் மட்டும் புதுசா இருந்தா போதும்பா. சிரிஞ்சு வெறும் கொழாதான" என்பது அவருடைய மருத்துவம். அந்தக் குழாய்க்குள் இன்னொருவன் ரத்தம் ஏறியிருக்கலாம் என்பது அந்த ஊரில் யாருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் சொல்லவில்லை. அவர் யாரிடமும் கைநீட்டிக் காசு வாங்கியதில்லை. வாங்கியிருந்தால் ஊர் கணக்குக் கேட்டிருக்கும்.

ஒருமுறை புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் காய்ச்சல். ஒரே குப்பியை உடைத்து, ஒரே சிரிஞ்சில் உறிஞ்சி, பாதியைப் புருஷனுக்கும் மீதியைப் பெண்டாட்டிக்கும் போட்டார். நீடிலை மட்டும் மாற்றினார். அந்தப் பெண் கொஞ்சம் தயங்கியிருக்கிறாள்.

"இன்னாடி கூச்சம்? ஒரே தட்டுல தின்றீங்க, ஒரே பாய்ல படுக்கறீங்க. ஊசிக்கு மட்டும் தனித்தனியா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே புடவையைத் தளர்த்தினாளாம். இதை அக்கா எனக்கு நகைச்சுவையாகத்தான் சொன்னாள்.

மருந்து அவருக்கு எங்கிருந்து வருகிறது என்பது ஊரறிந்த விஷயம். அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் படிந்திருந்தது. ஒருவர் இறந்து கருமாதி முடிந்ததும் அவருடைய உடுப்பு, பாய், தலையணை எல்லாம் வீட்டை விட்டுப் போய்விடும். மருந்துகள் மட்டும் மிஞ்சும். செத்தவர் மருந்தை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. விலை கொடுத்து வாங்கியதைக் குப்பையில் கொட்டவும் மனம் வராது. சிஸ்டரம்மாவிடம் கொடுத்துவிட்டால் இரண்டு சங்கடமும் தீர்ந்தது. செத்தவரைக் காப்பாற்றாத மருந்து இன்னொருவரையாவது காப்பாற்றட்டும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். அதைப் புண்ணியக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

கருமாதிக்கு மறுநாள் சிவப்புப் பையோடு அவர் தெருவில் வருவார். மளிகைக்கடை பாய் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "சிஸ்டரம்மா காலையில வந்தா யாருக்கோ காய்ச்சல். சாயங்காலம் வந்தா யாரு வூட்லயோ கருமாதி முடிஞ்சிருக்கு. பைய பாத்தே சொல்லிருவன் தம்பி. போகசொல்ல சப்பையா இருக்கும், வரசொல்ல உப்பியிருக்கும்."

பாய் சிரித்தார். அவருடைய முழங்கை மடிப்பிலும் ஊசி குத்திய புள்ளி இருந்தது.

அந்த வருடம் கரும்பு வெட்டில் மாமாவின் பாதத்தில் கரும்புக் கட்டை ஏறியது. வெட்டிய கரும்பின் அடிக்கட்டை சாய்வாக, ஈட்டி மாதிரி நிற்கும், வெறுங்காலோடு மிதித்துவிட்டார். மாமாவுக்குச் சர்க்கரை உண்டு. காயம் வாய் மூடாமல் சீழ் வைத்தது. பாகூரில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. பஸ் இருக்கிறது. வெட்டுக்கு ஆள் வந்து நிற்கிறது, இப்போது வயலை விட்டுப் போக முடியாது என்றார் மாமா. சிஸ்டரம்மா வீடு நாலு வாசல் தள்ளி.

தெருவில் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் அப்போதுதான் இறந்திருந்தார். அவருக்காக வாங்கி, பயன்படாமல் நின்ற ஊசி மருந்து அட்டைப்பெட்டியோடு சிஸ்டரம்மா வீட்டுக்கு வந்திருந்தது. ஜென்டாமைசின். கூடவே அமிகாசின் கொஞ்சம். வேறு யாரோ விட்டுப் போனது.

"முழுசா போட்டா சூடு ஏறிடும்ணே. சர்க்கரை ஒடம்பு உங்களுது. காலையில பாதி, சாயங்காலம் பாதி. பூ மாரி போயிடும்" என்றார். மாமா திண்ணென்ற ஆள், ஆனால் ஊசிக்குப் பயப்படுவார். பாதி என்ற சொல் அவருக்குப் பிடித்திருந்தது. வலிக்குக் கடையில் விற்கும் மாத்திரையையும் விழுங்கிக்கொண்டு வெயிலில் போய் நின்றார்.

காயம் ஆறவில்லை. அதனால் ஊசி நிற்கவும் இல்லை. வெட்டு முடியும்வரை போனது.

சிஸ்டரம்மா ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி கேட்பார். தனக்குத் தெரிந்த ஒரே பரிசோதனையை அவர் விட்டதில்லை.

"அண்ணே, ஒண்ணுக்கு நல்லா போவுதா?"

"கொடங்கொடமா போவுது."

"அப்பறம் இன்னா? கிட்னி சூப்பரா இருக்குது."

கொஞ்ச நாளில் மாமாவுக்குச் சோறு பிடிக்காமல் போனது. காதுக்குள் வண்டு கத்துகிறது என்றார். டிவியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். பிறகு வரப்பில் நடக்கையில் தள்ளாடினார். வெட்டுக்காரர்கள் விடுவார்களா?

"இன்னா மாமா, பொழுது வெளுக்கறதுக்குள்ளயே கடை தொறந்துட்டானா?"

"டேய், தொட்டுக்கூடப் பாக்கலடா."

"தொடலன்னா எப்படி? வரப்பே ரெண்டா தெரியுதே உனக்கு!"

சாராயக்கடைக்குப் பஞ்சமில்லாத வட்டாரம். யார் தள்ளாடினாலும் காரணம் தயாராக இருக்கும். அக்காவும் அதையே நம்பினாள். வீட்டுக்குள் வந்தவரை நிறுத்தி வாயை ஊதச் சொன்னாள். அவர் ஊதினார். சாராய நெடி இல்லை. வேறு ஒரு நாற்றம் இருந்தது என்று அவள் பிறகு சொன்னாள், கொல்லையில் மூத்திர ஈரம் காய்கிற மாதிரி. அது ரத்தத்தில் தேங்கிய கழிவின் நாற்றம். அன்று அவளுக்கு அது தெரியாது. சாராய நெடியை மறைக்க ஏதோ தின்றிருக்கிறார் என்று நினைத்துச் சண்டை போட்டாள். சண்டைக்கு நடுவில் அவர் வாசற்படியில் சரிந்து விழுந்தார்.

சிறுநீரகப் பிரிவில் இருந்த டாக்டர் இளம்பெண். நின்றபடியே பேசினார். இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, ஊசி ஏதாவது போட்டீர்களா என்று கேட்டார்.

"போட்டாங்க டாக்டரம்மா" என்றாள் அக்கா. உடனே அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்: "ஆனா பாதிதான். காலையில பாதி, சாயங்காலம் பாதி."

டாக்டர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார். "அதாம்மா தப்பே."

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். இந்த ஊசிகள் அமினோகிளைகோசைடு என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. மாத்திரையாக விழுங்கினால் குடலைத் தாண்டி ரத்தத்தில் சேராது, அதனால் ஊசி. ரத்தத்தில் கலந்த மருந்து கிருமிக்குள் நுழைந்து, கிருமி தன் புரதங்களைக் கட்டும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு கிருமி கட்டுவதெல்லாம் கோணலாக வரும். கோணல் புரதம் அதன் உறையையே ஓட்டையாக்கும். ஓட்டை வழியே இன்னும் மருந்து புகும். கிருமி செத்துவிடும். கடுமையான தொற்றில் உயிரைக் காப்பாற்றுகிற, பெரிய மருந்து.

ஆனால் உடம்பால் இந்த மருந்தை உடைத்து அழிக்க முடியாது. நுழைந்த உருவிலேயே வெளியேற வேண்டும். அதற்கு இருக்கும் வாசல் சிறுநீரகம்தான். வெளியேறும் வழியில், சிறுநீரகத்தின் நுண்குழாய்களுக்கு உட்சுவராக இருக்கும் செல்கள் அதில் ஒரு பங்கை உள்ளே இழுத்துச் சேர்த்துவைக்கின்றன. சேரச் சேர செல்லுக்குள் இருக்கும் பைகள் வீங்கி உடைகின்றன. செல் சாகிறது.

"ஒரே நேரத்துல அந்த செல்லால கொஞ்சந்தான் இழுக்க முடியும்" என்றார் டாக்டர். "ஒரு நாளைக்கு ஒரு தடவ முழு டோஸ் போட்டா, மருந்து ரத்தத்துல நல்லா ஏறும், கிருமி சாகும். கிட்னி எடுக்கறத எடுத்துக்கும், மீதி வெளிய போயிடும். அடுத்த ஊசி வரைக்கும் ரத்தத்துல மருந்து வத்திக் கெடக்கும், கிட்னிக்கு ஓய்வு. நீங்க பாதி பாதியா போட்டதால ரத்தத்துல வத்தவே இல்ல. கிருமி சாகற அளவுக்கு ஏறவும் இல்ல. கிட்னி மட்டும் நாள் பூரா இழுத்துக்கிட்டே இருந்துருக்கு. இத்தன நாள் போட்டதே தப்பு. சர்க்கரை வேற, வலி மாத்திரை வேற, வெயில் வேற."

அக்கா என்னைப் பார்த்துச் சொன்னாள். "மதகத் தொறந்து வுட்டா தண்ணி கடமடை வரைக்கும் ஓடிடும், கரை நிக்கும். கசியவுட்டா கடமடைக்கும் போகாது, கரையும் ஊறி சரிஞ்சிடும். அதான இது?"

"அதேதாம்மா" என்றார் டாக்டர்.

அக்காவுக்கு இன்னொரு சந்தேகம் பாக்கி இருந்தது. "ஒண்ணுக்கு நல்லாத்தான டாக்டரம்மா போச்சி? கொடங்கொடமா."

"தண்ணிதாம்மா போச்சி. கழிவு உள்ளயே தங்கிடுச்சி. அந்தக் குழாய் கெட்டா, திருப்பி எடுக்க வேண்டிய தண்ணிய எடுக்க முடியாது. அது பாட்டுக்குப் போயிக்கிட்டே இருக்கும். நிறைய போனா கிட்னி நல்லா இருக்குதுன்னு அர்த்தம் இல்ல."

சிஸ்டரம்மாவின் ஒரே பரிசோதனையும் அதோடு போயிற்று. கேடு முற்ற முற்ற அது நல்ல சேதியாகவே சொல்லியிருக்கிறது.

அன்று பிற்பகல்தான் நான் அந்த ஃப்ரிட்ஜைத் திறந்தேன்.

"மாமாவுக்குப் போட்டது இதுல எது?"

"எல்லாந்தாம்பா. இது தீந்தா அது. எல்லாம் ஒரே சாதி மருந்துதான்."

"யார் வீட்டு மருந்து?"

"மில்லுக்காரரு வூட்டுது. பொட்டி பிரிக்காம அப்படியே கெடந்துச்சி, பாவம்."

"அவர் செத்துட்டாரே."

"அது மருந்தால இல்லப்பா. அவரு விதி."

டாக்டர் சொன்னதை ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். கண்ணில் நீர் வந்தது. பொய்க் கண்ணீர் அல்ல. முந்தானையால் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அப்ப நெனச்சிப் பாரு தம்பி. பாதி போட்டதுக்கே இப்படின்னா, முழுசா போட்டிருந்தா அண்ணன் போயே போயிருப்பாரு. நல்லவேள, என் கை ஓடல."

அவர் ஃபிளாஸ்க்கைத் திறந்து எனக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தார். வாசலுக்கு வந்து காறித் துப்பினேன்.

குப்பிகளில் சிலவற்றை ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொடுத்தேன். அவர் சொன்னபடி சுகாதாரத் துறை அலுவலகத்திலும் தகவல் சொன்னேன். ஆட்கள் வந்து, ஃப்ரிட்ஜைக் காலி செய்து, இனி போடமாட்டேன் என்று அவரிடம் கையெழுத்தும் வாங்கிப் போனார்கள். தெரு என்னைத்தான் முறைத்தது. "பாவம், அந்தப் பொம்பளைய மாட்டி வுட்டுட்டியேப்பா" என்றார் மளிகைக்கடை பாய். அடுத்த கருமாதிக்கு மறுநாள் பை மறுபடி உப்பி வந்ததாகக் கேள்விப்பட்டேன்.

மாமா ஆஸ்பத்திரியில் இருந்தபோது சிஸ்டரம்மா வில்லியனூர் மாதா கோயிலுக்கு நடந்தே போய் வேண்டிக்கொண்டார். அதை அவரே எனக்குச் சொன்னார். "மெழுகுவத்தி ஏத்தினன் தம்பி. புதுசு வாங்கல. பாதி எரிஞ்சி அணைஞ்சது அங்கியே நெறைய கெடக்குது. அதத்தான் எடுத்து ஏத்தினன். வீணாத்தான போவுது."

மாமாவின் சிறுநீரகம் திரும்பியது. அந்த உட்சுவர் செல்கள் மெல்ல மறுபடி முளைக்கக்கூடியவை என்றார் டாக்டர். முளைத்தன. மெஷினிலிருந்து அவரைக் கழற்றினார்கள். காலும், சரியான மருந்தில், ஆறியது.

காது திரும்பவில்லை. இதே மருந்து காதின் உட்புறத்திலும் போய்த் தங்குகிறது. ஒலியை வாங்கும் மயிரிழை போன்ற செல்கள் அங்கே இருக்கின்றன. அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. வரப்பில் தள்ளாடியதும் அதே காதின் கோளாறுதான். தள்ளாட்டம் பாதி போயிற்று. கேட்கும் சக்தி முழுதாகப் போனது. யார் உதடு அசைந்தாலும் மாமா சிரிக்கப் பழகிக்கொண்டார்.

வீடு திரும்பிய சில நாளில் சிஸ்டரம்மா வந்தார். கூடத்தில் ஃபேனுக்குக் கீழே கட்டிலில் மாமா படுத்திருந்தார். அக்கா தரையில் உட்கார்ந்து மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் கதவோரம் நின்றேன். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, சிவப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எப்படிண்ணே இருக்கீங்க?"

மாமா சிரித்தார்.

"பாத்தியா கண்ணு" என்றார் அக்காவிடம், "மாதா கைவுடல." பிறகு குரலைத் தாழ்த்தினார், யாருக்குக் கேட்கக் கூடாது என்றோ. "ஆஸ்பத்திரி மருந்து ஏதாச்சும் மீதி இருக்குதா? நோயாளி எழுந்தப்பறம் வூட்ல வச்சிருக்கக் கூடாது."

அக்கா மாத்திரை அட்டையைக் கீழே வைத்தாள்.

"எழுந்திரிங்க."

"இன்னா கண்ணு?"

"எழுந்து வெளிய போங்க சிஸ்டரம்மா. இந்த வாசப்படி மிதிக்காதீங்க."

"நான் இன்னா பண்ணன்? பாதிதான…"

"போங்கறன்ல!"

அக்கா அவ்வளவு உரக்கக் கத்தி நான் கேட்டதில்லை. எதிர்வீட்டில் இரண்டு தலை எட்டிப் பார்த்தன. சிஸ்டரம்மா திகைத்துப்போய் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்து நின்றார்.

கட்டிலில் மாமாவுக்கு இது எதுவும் காதில் விழவில்லை. சிஸ்டரம்மா வந்திருப்பதைப் பார்த்தார். மடியில் சிவப்புப் பையைப் பார்த்தார். எழுந்து நிற்பதையும் பார்த்தார். சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளையைப் போல, மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பி ஒருக்களித்துப் படுத்தார். ஒரு கையால் கைலி முடிச்சைத் தளர்த்தி, இடுப்பில் வழக்கமான இடம் தெரிய இறக்கிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தார்.

அக்காவின் கத்தல் நின்றுவிட்டது.

அந்த அமைதியில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. சிஸ்டரம்மா மாமாவின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை, அவரைக் கேட்காமலே, பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தது.